நன்றியுரைக்கு ஆள் வேணும்

தமிழினம் உலகத்துக்குக் கொடுத்தவற்றுள் அடியோடு பயனற்றது நன்றியுரை என்பது கோகுலனின் முடிந்த முடிவு. அவன் இதைப் பகிடிக்குச் சொல்வதில்லை. தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்று சொல்வதுபோல, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொல்வான். ஆதாரமும் வைத்திருந்தான். நன்றியுரை தொடங்கும்போது சபை எழும்பிவிடுகிறது. சொல்கிறவருக்கு, தான் யாருக்குச் சொல்கிறோம் என்பது சரியாகத் தெரியாது. பெறவேண்டியவர் அந்நேரம் வாசலில் வடையோடு நிற்கிறார். சொல்ல ஆளில்லை, கேட்க ஆளில்லை, வாங்க ஆளில்லை. இருந்தும் அது நடந்து முடிகிறது. இப்படி ஒரு மனிதச் செயல் வேறெங்கும் கிடையாது என்பான்.

இதை நிறுவ அவனுக்கு மாதம் ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் தரவுத்தளங்களோடு மாரடிக்கிற இளசுகள் சேர்ந்து ஒரு பாவனையாளர் வட்டம் வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில், மானிப்பாயில் ஒரு ரியூஷன் நிலையத்தின் நீள வாங்குகளில் வந்து உட்காருவார்கள். வெளிநாடுகளில் இப்படியான கூட்டங்களுக்கு ஆட்கள் கட்டைக் காற்சட்டையோடு வந்து, பீட்சாவைக் கடித்துக்கொண்டே நேரே விஷயத்துக்குப் போய்விடுவார்களாம். மானிப்பாயில் அது நடக்காது. வட்டத்தின் தலைவர் சிவசுப்பிரமணியம் சேர் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணினிப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். விளக்கேற்றாத கூட்டத்தை அவர் கூட்டம் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் கடந்த பிறகுதான், தேடலை எப்படி வேகப்படுத்துவது என்று சொல்ல வந்தவர் வாயைத் திறக்கலாம். அதற்குள் அவருடைய மடிகணினியில் பாதி உயிர் போயிருக்கும். முடிவில் பொன்னாடை. அதற்கும் முடிவில், வட்டத்தின் செயலாளர் ஜெனிஸின் நன்றியுரை.

கோகுலன் கடைசி வாங்கில் இருந்து இதற்கெல்லாம் நேர்முக வர்ணனை செய்வான். பேச்சாளர்கள் கடைசி ஸ்லைடில் உதவியவர்களின் பெயர்களைப் போடுவதைப் பற்றி அவனுக்குத் தனியாக ஒரு கோட்பாடு இருந்தது. அது மரண அறிவித்தலின் கூடப்பிறந்த தம்பி. இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு மைத்துனரும், இன்னாரின் சேர்வர் கணினியை இரவல் வாங்கியவருமாகிய என்று அவன் வாசித்துக் காட்ட, கடைசி வாங்கு குலுங்கும். கொஞ்சக் காலத்தில் வட்டத்தில் ஒருவரும் அந்த ஸ்லைடைப் போடத் துணியவில்லை. தான் கணினித்துறைக்குச் செய்த தொண்டாகவே கோகுலன் அதைக் கருதினான்.

வேலைநாட்களில் அவன் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய மென்பொருள் கம்பனியில் தரவுத்தளம் கட்டுகிறவன். இணுவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருவான். அந்தக் கம்பனி ஓர் அன்னதான மடத்துக்கு முன்பதிவு முறை ஒன்றைச் செய்து கொடுத்திருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தாய் தகப்பனின் திவசத்துக்குச் சோறு கொடுக்க ஒருமுறை பதிந்தால் போதும். வருடா வருடம் அந்தத் திதி எந்தத் திகதியில் வருகிறது என்று முறையே பார்த்துச் சொல்லும். மடத்தில் உலை வைப்பார்கள், பந்தியைப் படம் எடுத்து அனுப்புவார்கள். கோகுலன் ஒரு முழுப் பஞ்சாங்கத்தையும் தரவுத்தளத்தில் ஏற்றி இதைச் சாதித்தான். கொஞ்ச நாள் அவனுடைய நடையே மாறியிருந்தது.

பிறகு ரொறன்ரோவில் இருந்து நாகேஸ்வரி என்ற ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். தன் கணவரின் திவசம் செவ்வாய்க்கிழமை என்றும், இவர்கள் புதன்கிழமை சோறு கொடுத்துப் படம் அனுப்பியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஏசவில்லை. அந்த மனிசன் செவ்வாய் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் பசியோடு போயிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

கோகுலன் கனடாவின் நேர வித்தியாசத்தைக் குற்றம் சாட்டினான். அந்தக் கிழமை முழுக்க நேரக் கணக்கைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினான். குற்றவாளி அகப்படவில்லை. பக்கத்து மேசையில் துஷாந்தினி இருந்தாள். மானிப்பாய்ப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து அதிக காலமில்லை. அவனுடைய திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த அம்மா வீட்டார் வாக்கியமோ, திருக்கணிதமோ?"

கோகுலனுக்கு விளங்கவில்லை. அவன் வீட்டுச் சுவரில் ஒரு பஞ்சாங்கம் தொங்கியது. ஆகவே உலகத்தில் ஒரு பஞ்சாங்கம்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணிப்புகள் உண்டு என்பதும், அநேகமாக ஒத்துப்போகும் இரண்டும் சில நாட்களில் முரண்டு பிடித்து ஒரே திதியை இரண்டு கிழமைநாளில் போட்டுவிடும் என்பதும், ஒவ்வொரு குடும்பமும் தலைமுறையாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பிழை என்று சொல்லும் என்பதும் அவனுக்கு அரசல்புரசலாகத் தெரியும். ஆனால் மேசைக்கு முன்னால் இருக்கும்போது அது ஞாபகம் வரவில்லை.

"எங்கடை வீட்டிலை அப்பா வாக்கியம், அம்மா திருக்கணிதம்," என்றாள் துஷாந்தினி. "வருசம் பிறக்கிற நேரத்துக்கே சண்டை. நீங்கள் கொம்பியூட்டரை ஏன் ஒரு பகுதிக்கு மட்டும் கட்டிக் குடுத்தனியள்?"

அதோடு நிற்கவில்லை. கட்டமைப்பையே அவள் மாற்றிப் போட்டாள். திகதி என்று எதையும் நிரந்தரமாக வைப்பதில்லை, திதியை மட்டும் வைப்பது. எந்தப் பஞ்சாங்கம் என்பதைக் குடும்பத்தோடு வைப்பது. சொல்லாத குடும்பங்களைக் கூப்பிட்டுக் கேட்கும்வரை நாளே சொல்லாமல் இருப்பது. நாகேஸ்வரி அம்மாவையும் அவளே கூப்பிட்டுக் கதைத்தாள். அடுத்த திவசம் சரியான நாளில் நடந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டாள்: "இதை நாங்கள் ரெண்டு பேருமாய் வட்டத்திலை கதைப்பமோ? பஞ்சாங்கப் பக்கம் நான் சொல்லுறன்."

"முதல் நான் ஒருக்காச் சொல்லிப் பாக்கிறன்," என்றான் கோகுலன். "சனத்துக்குப் பிடிச்சுதெண்டால் அடுத்தமுறை நீரும் வாரும்."

அவள் ஓம் என்றாள். அவ்வளவு இலகுவாக அவள் ஓம் என்றிருக்கக் கூடாது என்று பின்னாளில் அவன் நினைத்ததுண்டு. குற்றத்தில் பாதியை அவள் தலையில் வைக்க அவன் செய்த முயற்சிகளில் அது ஒன்று.

‘ஒரே திதி, இரண்டு திகதி’ என்று பேச்சுக்குப் பெயர் வைத்தான். துஷாந்தினியின் பெயரை முடிவில் சொல்வதாகத்தான் இருந்தான். இதைச் சத்தியம் செய்து சொல்லலாம். ஆனால் முடிவு வந்தபோது கடைசி வாங்கு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்பு மகனும் பாசமிகு மைத்துனரும் அங்கே காத்திருந்தார்கள். ஒரு பெயரைத் திரையில் போட்டால் அவனை அந்த இடத்திலேயே அடக்கம் செய்துவிடுவார்கள். கேள்விகள் உண்டோ என்று கேட்டு முடித்தான். நடுவில் "நான் யோசிச்சுப் பாத்தன்" என்று ஓர் இடத்தில் வாயில் வந்ததையும் அவன் கவனித்தான். சொல்லி முடித்த பிறகு கவனித்தான்.

அன்றைக்குச் சபையில் லாபிர் இருந்தார். கொழும்பில் வருடாவருடம் நடக்கும் பெரிய தரவுத்தள மாநாட்டின் அமைப்பாளர்களில் ஒருவர். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, தொண்ணூறில் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றியபோது சின்னப் பெடியனாகக் குடும்பத்தோடு போய், புத்தளத்தில் வளர்ந்தவர். இப்போது அந்தப் பழைய வீட்டைத் திருத்துவிக்க அடிக்கடி வந்து போனார். மேசன்மார் வராத ஞாயிறு என்றபடியால் கூட்டத்துக்கு வந்திருந்தார். முடிந்ததும் கோகுலனின் தோளைப் பிடித்தார்.

"பெருநாள் பிறைக்கு எங்களுக்குள்ளயும் ரெண்டு கட்சி இருக்கு தம்பி. இது கொழும்பில வந்து சொல்ல வேண்டிய விஷயம்."

கோகுலன் கொழும்புக்குப் போனான். மண்டபம் மீன் பழுதாகாமல் வைக்கிற அளவுக்குக் குளிர்ந்தது. கழுத்தில் பெயர் அட்டை மாட்டினார்கள். பேச்சாளர் என்று சிவப்பில் எழுதியிருந்தது. விளக்கு உண்டு, ஆனால் அதை மின்சாரத்தில் எரித்தார்கள். பேச்சாளர்கள் முதல் ஸ்லைடில் தங்கள் நாயின் படத்தைப் போட்டார்கள், பிறகு தங்கள் பயணம் என்றார்கள். ஒருவரும் எந்த ஊருக்குப் போனார்கள் என்று சொல்லவில்லை. இதையெல்லாம் கடைசி வாங்குக்குக் கொண்டுபோக அவன் மனதுக்குள் கட்டிவைத்தான். தன் முறை வந்தபோது நன்றாகவே பேசினான். நாகேஸ்வரி அம்மாவின் செவ்வாய்க்கிழமையைச் சொன்னபோது முன்வரிசை போனைக் கீழே வைத்தது. வாக்கியமோ திருக்கணிதமோ என்ற கேள்வியைச் சொன்னபோது கைதட்டினார்கள். கேள்வியை யார் கேட்டது என்று சொல்லாமல் கேள்வியை மட்டும் சொல்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அது அவனுக்கு வந்துவிட்டிருந்தது.

கேள்வி நேரத்தில் லாபிர் எழுந்தார். அந்த முதல் கேள்வி யாருடைய மூளையில் வந்தது என்று, மெய்யாகவே அறிய விரும்புகிற முகத்தோடு கேட்டார்.

கோகுலன் ரீம், அதாவது குழு, என்றான். எங்கள் ரீமுக்குத்தான் அந்தப் பெருமை என்று ஆங்கிலத்தில், தலையைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னான். ரீம் என்பது வசதியான சொல். ஒரு முழு ஆளை அதற்குள் நிற்க வைக்கலாம். வெளியில் தலைமயிர்கூடத் தெரியாது. சபை அவனுடைய பணிவை மெச்சியது. வீட்டுக்குத் திரும்பிய பேருந்தில் அவன் பெயர் அட்டையை வவுனியா தாண்டும்வரை கழற்றவில்லை. கழற்றியபோது அது கழுத்தில் கோடு போட்டிருந்தது.

"வீடியோ பாத்தனான். நல்லாய்க் கதைச்சனியள்," என்றாள் துஷாந்தினி. பிறகு தன் வேலையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கோகுலன் நல்லவனாக மாறத் தொடங்கினான். அலுவலகத்தில் எல்லோரும் வெறுக்கிற வாடிக்கையாளர் அழைப்புகளில் அவளுடைய பங்கையும் தானே எடுத்தான். மின்விசிறிக்கு நேரே இருந்த தன் இடத்தை அவளுக்கு விட்டுக் கொடுத்தான். வீட்டு மரத்துக் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தான். மாம்பழத்தை வாங்கிக்கொண்ட துஷாந்தினி அவனை உற்றுப் பார்த்தாள்.

"தரவுத்தளத்திலை ஏதும் ரேபிளை அழிச்சுப் போட்டியளோ?"

இல்லை என்றான். அவள் நம்பாமல் பின்னேரம்வரை இருந்து எல்லாவற்றையும் சரி பார்த்தாள். எல்லாம் இருந்தது. குற்றத்தை எங்கே தேடுவது என்று அவளுக்குத் தெரியாததைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. தனக்கு இன்னும் ஆறுதல் கிடைக்கவில்லையே என்று வேறு அவன் கவலைப்பட்டான்.

அடுத்த வருட மாநாட்டுக்கு ஆட்களைத் தெரிவு செய்கிற காலம் வந்தது. ஒருநாள் லாபிர் கூப்பிட்டார். வீட்டு ஓடு, மேசன், வெயில் எல்லாம் கதைத்துவிட்டு, குரலைத் தணித்தார்.

"தம்பி, உங்கட ஒஃபீஸ்ல துஷாந்தினி எண்டு ஒரு பிள்ள இருக்குதா? உங்கட டோக்கை அப்படியே அனுப்பியிருக்கு. நாகேஸ்வரியம்மா, செவ்வாய்க்கிழம எல்லாம் கிடக்கு. கமிட்டியில களவு எண்டு கதைக்கிறாங்க. பேரைக் கறுப்புப் பட்டியல்ல போட முன்னம் நீங்க ஒருக்கா அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வைங்க."

தரவுத்தளத்தில் இரண்டு பரிமாற்றங்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நின்றால் எதை விடுவிக்க வேண்டும் என்று கோகுலனால் இரண்டு மொழிகளில் விளக்க முடியும். அது அவளுடையது என்ற சின்ன வசனத்தை அன்றைக்கு ஒரு மொழியிலும் சொல்ல வரவில்லை. "ஓம் அண்ணை, பாக்கிறன்," என்றான். லாபிர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

இரண்டு நாளில் மாநாட்டில் இருந்து மறுப்பு வந்தது. துஷாந்தினி கதிரையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அழுகிற சாடை இல்லை. கோபம்கூட இல்லை, ஒரு கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று பார்க்கிற முகம்.

"நான் உங்களட்டைக் களவெடுத்தனான் எண்டு நினைக்கினம்," என்றாள்.

அவன் அது பிழை என்றும், தான் லாபிரோடு கதைப்பதாகவும் சொன்னான்.

"எப்ப?"

கெதியில் என்றான். அவள் கதிரையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து மின்விசிறி இருந்த இடத்தையும் அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

லாபிருக்கு எழுத அவன் பல தடவை தொடங்கினான். முதல் எழுதியதில் அவனுடைய பங்கு இருபது வரியும் அவளுடையது ஒரு வரியுமாக இருந்தது. திருத்தித் திருத்தி வந்தபோது அவனுடையது இன்னும் நீண்டது. எல்லாவற்றிலும் ரீம் என்ற சொல் எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது. அனுப்பவில்லை. இதற்கிடையில் வட்டத்தின் ஆண்டு விழா வந்தது. பிரதம விருந்தினர் லாபிர். அவர் அன்றைக்கே கொழும்புக்குப் போகிறவர்; போனதும் மாநாட்டு நிகழ்ச்சி நிரல் முடிவாகும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

விழாவன்று கோகுலன் அவரைத் தனியே பிடிக்கப் பார்த்தான். பிரதம விருந்தினரைத் தனியே பிடிப்பது கோயில் தேரைத் தனியே பிடிப்பது மாதிரி. வாசலில் நாதஸ்வரம் இல்லாத குறையாக அழைத்துப் போனார்கள், விளக்கடிக்கு இழுத்தார்கள், சிவசுப்பிரமணியம் சேர் பக்கத்துக் கதிரையில் இருந்து அவர் காதை விடவே இல்லை. வரவேற்புரை போனது, தலைமையுரை போனது, பிரதம விருந்தினர் உரையும் போனது. பொன்னாடை போர்த்தினார்கள். துஷாந்தினி மூன்றாவது வாங்கில் இருந்தாள். அவள் வந்ததே கோகுலனுக்கு அதிசயம். பிறகு நினைத்தான், அவள் ஏன் வராமல் இருக்க வேண்டும் என்று.

அப்போது சிவசுப்பிரமணியம் சேர் மேடையில் எழுந்து சுற்றிலும் பார்த்தார். ஜெனிஸ் தமக்கையைக் கூட்டிவரப் பலாலி விமான நிலையத்துக்குப் போய்விட்டான். நன்றியுரைக்கு ஆளில்லை. ஆராவது முன்வந்து அந்த இனிய கடமையைச் செய்யுமாறு கேட்டார். சபை தன் செருப்புகளைப் பார்த்தது.

கோகுலன் மேடையைப் பார்த்தான். லாபிர் பொன்னாடையோடு, பூமாலையோடு, இரண்டு பக்கமும் நிர்வாகிகள் இருக்க நடுக்கதிரையில் இருந்தார். எழும்ப முடியாது. சபை முழுக்க வடைக்குப் போகலாம். நன்றியுரை முடியும்வரை பிரதம விருந்தினர் மட்டும் கதிரையை விட்டு அசையக்கூடாது, அது முறையில்லை. கேட்பதற்கு ஒருவருமில்லை என்று இவ்வளவு காலமும் கணக்குப் போட்டவன், அந்த ஒருவரை எண்ணாமல் விட்டிருந்தான்.

கையை உயர்த்தினான். கடைசி வாங்கு பகிடி என்று நினைத்துக் கைதட்டியது. அங்கே கோகுலனின் கூட்டாளி தனோஜன் விசிலடித்தான். "மச்சான், அன்னாரின் ஆத்மா சாந்தியடைய எண்டு முடி."

ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றான். தலைவருக்கு நன்றி சொன்னான். கதிரைகள் உராயத் தொடங்கின. பிரதம விருந்தினருக்கு நன்றி சொன்னான். முன்வரிசை எழும்பியது. மண்டபம் தந்த ரியூஷன் நிலையத்தாருக்குச் சொன்னான். கடைசி வாங்கு, பகிடி வராததால் ஏமாந்து, வெளியே போனது. பிறகு சொன்னான், ஒரே திதி இரண்டு திகதி என்ற பேச்சு துஷாந்தினியின்ரை என்று. அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவ, கட்டினதும் அவ, சேர்ந்து சொல்லுவம் எண்டு கேட்டதும் அவ, தான் கொழும்பில் ரீம் என்று சொன்னது அவவைத்தான் என்று, மூச்சு விடாமல் சொன்னான்.

லாபிர் சிரித்த முகத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றியுரைக்குச் சிரிக்கிற சிரிப்பு. ஒன்றும் காதில் விழுந்த மாதிரி இல்லை.

மூன்றாவது வாங்கில் இருந்து துஷாந்தினியின் குரல் வந்தது. எழும்பாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மைக் வேலை செய்யேல்லை."

பார்த்தான். ஒலிபெருக்கிச் சுரேஸ் நன்றியுரை தொடங்கினதும் வழக்கம்போல வயரைக் கழற்றிச் சுற்றத் தொடங்கியிருந்தார். ஒரு முழத்துக்குமேல் சுற்றியாகிவிட்டது.

கோகுலன் ஒலிவாங்கியை வைத்துவிட்டு மேடையின் நடுவுக்குப் போனான். திரும்பச் சொன்னான். இந்தமுறை மூச்சு விட்டு, ஒவ்வொன்றாக, வாசலில் வடையோடு நிற்கிறவர்களுக்கும் கேட்கிற சத்தத்தில் சொல்ல வேண்டியிருந்தது. தனோஜன் வாசலில் மெல்லுவதை நிறுத்தினான். சிவசுப்பிரமணியம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

லாபிரின் சிரிப்புப் போய்விட்டது. பொன்னாடையை ஒருபக்கம் தள்ளி, மாலைக்குக் கீழே கையை விட்டுப் போனை எடுத்தார். மாநாட்டு நிகழ்ச்சி நிரலைத் தேடித் திறந்தார். பிறகு கோகுலனிடம் கேட்கவில்லை. அவனைத் தாண்டி, மூன்றாவது வாங்கைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ள, முழுப் பேரைச் சொல்லுங்க."

"துஷாந்தினி நடராசா," என்றாள் அவள்.

லாபிர் தலையைக் குனிந்து எழுதினார். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோகுலனின் பக்கம் பார்க்காமல், அவர் எழுதி முடிக்கும்வரை மேடையடியில் நின்றாள்.

கோகுலன் இறங்கவில்லை. இன்னும் ஆட்கள் இருந்தார்கள். வயரைச் சுற்றிக்கொண்டிருந்த சுரேசுக்கு ஒலிபெருக்கி தந்ததற்காக நன்றி சொன்னான். சுரேஸ் நிமிராமல் கையை மட்டும் காட்டினார். வாங்கு அடுக்கியவர்களுக்குச் சொன்னான். தேத்தண்ணி போட்டவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, ஒரு பெயர் ஞாபகம் வராமல் நின்று, வாசலில் கேட்டு அறிந்து, அதையும் சொன்னான். வெறும் வாங்குகளைப் பார்த்து, அவசரப்படாமல்.